கோயிலும் செங்கோலும்

அம்பாளின் திருவருளால் இவ்வாண்டும் மகோற்சவம் இனிதே நிறைவெய்தி, மலரும் வெளிவருகின்றது. மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பரிபாலன சபையினர் கேட்டபோது தலைப்பைத் தேடி நான் அலையவில்லை. சென்ற ஆண்டுத் திருவிழாவில் ஓர் இளைஞர் கேட்ட கேள்வி ஓராண்டாக என் மனத்தில் கிடந்தது. அன்று அவருக்கு ஒழுங்கான மறுமொழி சொல்லாமல் நழுவிவிட்டேன். அந்தக் கடனை இங்கே தீர்க்க முயல்கின்றேன்.

அன்று தேர்த்திருவிழா. தேர் இருப்புக்கு வந்துவிட்டது. பச்சை சாத்தி அம்பாள் இறங்கும் நேரத்துக்காக வெளிவீதியில் காத்திருந்தோம். தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக்கொண்டு அந்த இளைஞர் என்னருகில் வந்தார். கனடாவில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோரின் ஊரைப் பார்க்க வந்தவர். வடம் பிடித்ததில் கை இரண்டும் சிவந்திருந்தன. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“மாஸ்ரர், இலங்கைச் சட்டத்திலை புத்த சமயத்துக்கு முதலிடம் எண்டு எழுதியிருக்கு. அது பிழை எண்டு நாங்கள் எல்லாரும் சொல்லுறம். சரி. எங்கடை கையிலை அதிகாரம் இருந்திருந்தால் நாங்கள் சைவத்தை எழுதியிருக்க மாட்டமோ?”

“தம்பி, இது வெயிலுக்கை நிண்டு கதைக்கிற கதையில்லை” என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. சமயத்துக்குச் சமூகத்தில் என்ன இடம்? அரசில் என்ன இடம்? இதில் நாம் பிறரிடம் கேட்கும் நீதியை எம்மிடமும் கேட்கத் தயாராக இருக்கின்றோமா? சைவப் பெருமக்களாகிய நாம் ஆறுதலாக இருந்து சிந்திக்க வேண்டிய விடயம் இது.

ஒரு சொல்லில் இருவர்

‘கோ’ என்றால் அரசன். ‘கோ’ என்றால் இறைவனும்தான். ‘கோயில்’ என்ற சொல் பழந்தமிழில் அரசனின் இல்லத்தையும் குறித்தது, ஆண்டவனின் இல்லத்தையும் குறித்தது. அக்காலத் தமிழர் வாழ்வில் இவ்விரண்டும் எவ்வளவு நெருங்கி இருந்தன என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதுமான சான்று.

தஞ்சையில் இராசராச சோழன் 1010 ஆம் ஆண்டளவில் நிறைவு செய்த பெருங்கோயில் வழிபாட்டுக்கு மட்டும் உரிய இடமாக இருக்கவில்லை. அதன் கல்வெட்டுகளைப் படித்தால் நிலமும் நெல்லும் பொன்னும் அங்கே கணக்கு வைக்கப்பட்டதை அறிகின்றோம். கலைஞரும் பணியாளரும் அதைக் கொண்டு வாழ்ந்தனர். கோயிற் பொருள் ஊர்களுக்குக் கடனாகவும் கொடுக்கப்பட்டது. எமது யாழ்ப்பாண அரசர்களும் அவ்வழி வந்தவர்களே. ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட நாணயங்களில் நந்தியின் உருவமும் ‘சேது’ என்ற சொல்லும் இருந்தன. நல்லூரில் அரண்மனையும் கந்தன் ஆலயமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன.

இந்த நெருக்கத்தினால் நன்மை விளைந்தது. அரசன் குளம் கட்டினான், கோயில் கட்டினான், கோயில் ஊரை வாழ்வித்தது. ஆனால் ஓர் ஆபத்தும் அதில் ஒளிந்திருந்தது. சிம்மாசனத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட கோயில் சிம்மாசனம் விழும்போது தானும் விழும். 1619 ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1621 ஆம் ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. இடைவெளி இரண்டே ஆண்டுகள்.

கூரையில் செருகிய வாழையிலை

அதன் பின் ஏறக்குறைய நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள், ஓர் அரசு தன் சமயத்தை மக்கள் மீது சுமத்தினால் என்ன நடக்கும் என்பதை எமது முன்னோர் தம் வாழ்விலேயே கண்டனர். முதலில் போர்த்துக்கேயர்; 1658 ஆம் ஆண்டு தொடக்கம் ஒல்லாந்தர். ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரச உத்தியோகம் இல்லை. திருமணமும் பிள்ளைப் பேறும் தேவாலயத்திலேயே பதியப்படல் வேண்டும். இல்லாவிட்டால் முதுசொத்து உரிமைக்கே சிக்கல்.

மக்கள் என்ன செய்தார்கள்? பெயரைக் கொடுத்தார்கள், மனத்தைக் கொடுக்கவில்லை. விரத நாட்களில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாழையிலையில் உண்டு, அந்த இலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடுமென்று கூரை இறப்பில் செருகி மறைத்து வைத்தார்கள் என்று எமது பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். திருநெல்வேலி ஞானப்பிரகாசரின் கதையும் நாம் அறிந்ததே. வீட்டுக்கு வீடு முறை வைத்து மாடு கொடுக்க வேண்டுமெனப் போர்த்துக்கேய அதிகாரி கட்டளையிட, தம் முறை வருவதற்கு முன்னிரவே அவர் ஊரை விட்டுக் கடல் கடந்தார். பின்னர் துறவியாகிச் சிதம்பரத்தில் திருக்குளம் அமைத்தார். அவர் பெயரால் அக்குளம் இன்றும் வழங்குகின்றது.

1796 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியது. பிரித்தானியர் காலத்தில் அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் பதிவேட்டில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் திருநீற்றோடு வெளியே வந்தனர். கட்டாயத்துக்காக அன்றி உண்மையாகவே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் எம்மிடையே மதிப்போடு வாழ்கின்றனர். அதுவே முறை. மனம் ஏற்ற சமயம் நின்றது. ஆணையினால் வந்த சமயம் ஆணையோடு போயிற்று. அரசாணை தேவாலயப் பதிவேட்டை நிரப்பலாம், நெஞ்சை நிரப்பாது. வரலாறு எமக்குத் தந்த முதலாவது பாடம் இது.

கடலோடிகள் கட்டிய கோயில்

இடிந்த கோயில்களை மீண்டும் எழுப்பியவர் யார்? முடிசூடிய மன்னர் எவரும் அப்போது இல்லை. ஊர்களே எழுப்பின.

எமது வல்வெட்டித்துறையை எடுத்துக்கொள்வோம். பாய்க்கப்பல் ஏறி இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சென்று வாணிபம் செய்த எம் முன்னோர், கொண்டுவந்த பொருளில் ஒரு பங்கை மகமையாக ஆண்டவனுக்கு எடுத்துவைத்தனர். பெரியவர் திருமேனியார் வெங்கடாசலம்பிள்ளை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பிய சிவன் கோயில் அந்த உழைப்பின் சாட்சியாக இன்றும் நிற்கின்றது. இவ்வூரில் கட்டிய கப்பலொன்று 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை சென்றது. அக்கப்பலுக்கு எம்மவர் இட்ட பெயர் ‘அன்னபூரணி’. கடலில் போகும்போதும் அம்பாளைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள்.

அதே நூற்றாண்டில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். அரசாங்கத்திடம் சமயச் சலுகை கேட்பதை அவர் தம் வழியாகக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் நடத்தினார், நூல் அச்சிட்டார், பிரசங்கம் செய்தார். அரசின் பலமில்லாத ஒரு சமயம் மக்கள் பலத்தினாலும் கல்வியினாலும் எழுந்து நிற்க முடியும் என்பதை அவர் பணி காட்டிற்று.

ஆக, சைவம் இங்கே அரசனின் துணையோடு வாழ்ந்தும் இருக்கின்றது, அரசனின் பகையைத் தாங்கி வாழ்ந்தும் இருக்கின்றது, அரசனே இல்லாமல் தழைத்தும் இருக்கின்றது. இவற்றுள் எக்காலத்தில் அது மிக உறுதியாக இருந்தது என்று என்னைக் கேட்டால், ஊரே கோயிலைத் தாங்கிய காலத்தில்தான் என்பேன்.

அப்பரும் பல்லவனும்

சமயத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பெரியபுராணத்தை விட ஆழமாக எமக்குச் சொல்லும் நூல் வேறில்லை. அதில் வரும் நான்கு வரலாறுகளைச் சிந்திப்போம்.

முதலாவது, திருநாவுக்கரசு சுவாமிகள். தன் சமயத்தை விட்டுப் போனார் என்பதற்காகப் பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சு ஊட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான். அவர் அஞ்சவில்லை. இறைவனுக்கே அன்றி வேறெவருக்கும் தாம் ஆட்பட்டவரல்லர் என்று மன்னனின் ஆட்களுக்கே அறிவித்தார். ஆயுதம் ஏந்தாமல் அதிகாரத்தின் முன் நிமிர்ந்து நிற்பதே சமயத்தின் உண்மையான வலிமை என்பதற்கு இதை விட வேறு சான்று வேண்டுமா?

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பின்னர் அம்மன்னன் சைவனாகின்றான். சைவனானதும் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அக்கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலை எழுப்பினான் என்று சேக்கிழார் பெருமான் பதிவு செய்கின்றார். இவ்விடத்தைப் படிக்கும்போது நாம் மகிழ்ச்சியோடு கடந்து போய்விடுகின்றோம். ஒருகணம் நின்று பார்க்க வேண்டும். மன்னன் சமயத்தை மாற்றிக்கொண்டான், கையில் இருந்த சம்மட்டியை மாற்றிக்கொள்ளவில்லை. நேற்று ஒரு பக்கத்தை இடித்த அதே கை இன்று மறுபக்கத்தை இடித்தது. நல்லூரை இடித்த சம்மட்டியை நாம் பழிக்கின்றோமென்றால் இதையும் நேராக நோக்கும் துணிவு எமக்கு வேண்டும். நாவுக்கரசரின் பெருமை அந்த இடிப்பில் இல்லை. நீற்றறையில் அவர் அமைதியாக அமர்ந்திருந்ததில் இருக்கின்றது.

இரண்டாவது, திருவாரூர் மனுநீதிச் சோழன். மகன் ஏறிவந்த தேர்ச்சில்லில் அகப்பட்டுக் கன்று இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். மன்னன் ஏற்கவில்லை. அவனுடைய சமயம் அவனுடைய நீதியில் வெளிப்பட்டது. தன் மகனுக்கு ஒரு தராசு, வாயில்லாப் பசுவுக்கு வேறொரு தராசு என்று அவன் வைத்திருக்கவில்லை.

மூன்றாவது, மெய்ப்பொருள் நாயனார். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சடை முடித்து, ஆகமச் சுவடி கொண்டுவந்தவன் போல உள்ளே நுழைந்தான். சுவடிக் கட்டுக்குள் இருந்தது கத்தி. நாயனார் வேடத்தை மதித்து வீழ்ந்தார். தம்மைக் குத்தியவனையும் ஆபத்தின்றி ஊரெல்லை கடத்திவிடச் செய்தார். அவருடைய பக்தி எம்மால் எட்ட முடியாத உயரம். ஆயினும் முத்தநாதன் எட்டாத ஆள் அல்லன். தேர்தல் காலங்களில் புகைப்படக்காரரோடு கோயிலுக்கு வந்து, பரிவட்டம் கட்டி, வேட்டி சால்வையோடு அருச்சனைத் தட்டுடன் நிற்பவர்களை எல்லாக் கட்சியிலும் எல்லா நாட்டிலும் பார்க்கின்றோம். எல்லோரையும் சந்தேகிக்க வேண்டுமென்று சொல்லவில்லை. சுவடிக் கட்டுக்குள் என்ன இருக்கின்றது என்று பார்க்கும் கடமை வாக்காளனுக்கு உண்டு. அரசியல் சமயத்தின் வேடத்தைப் போடும்போது முதலில் காயப்படுவது சமயமே.

நான்காவது, திருநாளைப்போவார். அவரைப் பற்றிப் பின்னர் கூறுகின்றேன்.

இலங்கைச் சட்டமும் எமது துயரமும்

சுதந்திரத்தை ஒட்டி 1947 இல் வந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, எந்தவொரு சமயத்தவருக்கும் பிறருக்கு இல்லாத சலுகையையோ பாதகத்தையோ பாராளுமன்றம் சட்டத்தால் ஏற்படுத்தக் கூடாது என்று தடுத்திருந்தது. 1972 ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பில் அப்பாதுகாப்பு இல்லாமற் போயிற்று. பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்பது அதன் 6 ஆம் பிரிவாக நுழைந்தது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை அதைத் தொடர்ந்தது. ஏனைய சமயத்தவரின் வழிபாட்டுச் சுதந்திரமும் அதில் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது என்பது உண்மையே. ஆனால் ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு முதலிடம் என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளையும் பட்டினி போடமாட்டோம் என்று சொன்னால் அந்த வீட்டில் மனநிறைவு இருக்குமா?

எழுத்தில் இருக்கும் முதலிடம் நிலத்துக்கு வரும்போது என்ன ஆகின்றது என்பதை வன்னியில் கண்டோம். 2024 மார்ச் 8 ஆம் திகதி மகா சிவராத்திரி. நெடுங்கேணிக்கு அருகே வெடுக்குநாறிமலை ஆதி சிவன் கோயிலில் வழிபட்டுக்கொண்டிருந்த அடியார்களுள் எட்டுப் பேர் பொலிசாரால் கைது செய்யப்பட்டனர். பூசகரும் அவர்களுள் ஒருவர். சில நாட்களின் பின் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குருந்தூர்மலையில் விகாரை அமைக்கும் விவகாரத்தில் நீதிமன்றக் கட்டளைகள் மதிக்கப்படாத நிலை ஏற்பட்டது. அந்த வழக்கைக் கையாண்ட முல்லைத்தீவு நீதிபதி, தமக்கு உயிர் அச்சுறுத்தல் என்று கூறி 2023 செப்டெம்பரில் பதவி துறந்து நாட்டை விட்டே வெளியேறினார். எமக்கு அண்மையில் தையிட்டியில், இராணுவம் நிலைகொண்ட பகுதிக்குள் தனியார் காணியில் விகாரை எழுந்தது. காணிக்காரர் உறுதியை வைத்துக்கொண்டு வீதியோரத்தில் நின்று போராடினர்.

இதில் அநியாயம் எமக்கு மட்டுமன்று. புத்தபெருமான் அரண்மனையை விட்டு நள்ளிரவில் வெளியேறியவர். அரசு வேண்டாம் என்று போன அவரை அரசின் சீருடையும் துப்பாக்கியும் காவல் காக்கும் இடத்தில், இன்னொருவன் காணியில் கொண்டுபோய் அமர்த்துவது அவருக்குச் செய்யும் மரியாதையாகுமா? இதைச் சொல்லக்கூடிய பௌத்தர்களும் தென்னிலங்கையில் இருக்கின்றார்கள். அவர்கள் குரல் உரக்க வேண்டுமென்று அம்பாளை வேண்டுவோம்.

எமது தேர், எமது வடம்

இதுவரை எழுதியதைப் படித்து நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். நானும் எழுதும்போது தலையாட்டினேன். ஆனால் அந்த இளைஞரின் கேள்வி இனித்தான் தொடங்குகின்றது.

1986 ஆம் ஆண்டு எமது அயலில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனின் தேர் இராணுவ நடவடிக்கையின்போது எரிக்கப்பட்டது. அந்தச் செய்தி கேட்டு அழாத வடமராட்சியார் இல்லை. பின்னர் அடியார்கள் கைகொடுத்து மீண்டும் தேர் செய்தார்கள்.

2018 ஆம் ஆண்டு ஜூன் மாதம் தென்மராட்சியில் ஓர் ஆலயத்தில் தேர்த்திருவிழா. தேரை இழுத்தது மனிதர் அல்லர். மண் வெட்டும் பெக்கோ இயந்திரம். எல்லாச் சாதியினரும் வடம் பிடிக்க வருவதை விரும்பாமையே காரணம் என்று செய்திகள் வெளிவந்தன. படங்கள் உலகமெல்லாம் போயின.

முதலாவது தேருக்குத் தீ வைத்தவர்கள் வெளியே இருந்து வந்தவர்கள். இரண்டாவது தேருக்கு யார் தீ வைத்தது? ஒரு தேர் எரிந்தும் அதன் பெருமை எரியவில்லை. மற்றத் தேர் எரியாமலே சாம்பலாயிற்று.

இது ஒருநாள் நிகழ்ச்சி அன்று. கோயிற் கதவு சிலருக்குச் சாத்தப்பட்டிருந்த காரணத்தினால்தான் 1957 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் வந்த பிறகும் 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் முருகனைத் தரிசிக்க வந்தவர்கள் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. உள்ளே விட மறுத்து முன்நின்றவர் சி. சுந்தரலிங்கம் அவர்கள், முன்னாள் அமைச்சர், பெரும் கல்விமான். அந்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. கந்தன் சந்நிதிக்குள் யார் போகலாம் என்பதைக் கடல் கடந்த நீதிமன்றத்தில் கேட்டு நின்றோம். 1971 ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கூட்டப்பட்டது.

தமிழகமும் இவ்வழியையே கடந்து வந்தது. 1936 ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். 1939 ஜூலை 8 ஆம் திகதி வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அதுவரை தடுக்கப்பட்டிருந்தோரை அழைத்துச் சென்றார். அங்கும் அரசு சட்டம் இயற்றித் துணை நிற்க வேண்டியிருந்தது.

கோயில் விடயத்தில் அரசு ஏன் தலையிடுகின்றது என்று நாம் கேட்கின்றோம். பல இடங்களில் நாமே கதவைத் திறந்து அழைத்திருக்கின்றோம். அடியார்களுக்குக் கதவைப் பூட்டிய இடத்தில் சட்டம் வந்து திறந்தது. தர்மகர்த்தாக்களுக்கிடையே பிணக்கு வந்த இடத்தில் மாவட்ட நீதிமன்றம் வந்து திறப்பைக் கையில் எடுத்தது. நிர்வாக வழக்கினால் திருவிழா நின்றுபோன கோயில்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனை என்பதை நீங்களே விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு கை போதாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். தலைமுறை தலைமுறையாக எம் அயலில் வாழ்ந்த வணிகர், தையற்காரர், ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகள். கையில் எடுத்ததோடு போனார்கள். எமக்கும் அப்போது போர், எமக்கும் அச்சம். அதை மறுக்கவில்லை. ஆனால் எம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? எத்தனை கோயில்களில் இது தகாது என்று ஒரு வார்த்தை சொல்லப்பட்டது? நான் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுவதற்கே எனக்கு இவ்வளவு காலம் சென்றது.

இப்போது திருநாளைப்போவார் நாயனாரிடம் வருவோம். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்றார். இறைவனைக் காண முடியாமல் நந்தி மறைத்தது. இறைவன் சொல்ல நந்தி விலகியது. எத்தனை முறை இதைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கின்றோம்! நான் பல முறை வகுப்பில் சொல்லியும் இருக்கின்றேன். ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. விலகியது கல் நந்தி. அங்கே நின்ற மனிதர் விலகினார்கள் என்று கதையில் இல்லை.

சந்நிதி காட்டும் வழி

குறையை மட்டும் கூறி முடித்தல் முறையன்று. நல்வழியும் எமது வாசலிலேயே இருக்கின்றது.

செல்வச்சந்நிதியில் பூசை செய்பவர்கள் மருதர் கதிர்காமரின் பரம்பரையில் வந்த கப்பூறாமார். வாய் கட்டி மௌனமாகப் பூசை நடைபெறும். ஆலிலையில் அமுது படைக்கப்படும். அங்கே பசியோடு வருபவரிடம் ஊர் எது, குலம் எது என்று கேட்பதில்லை. அதனாலேயே மக்கள் அவனுக்கு அன்னதானக் கந்தன் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயரை எந்த அரசும் வர்த்தமானியில் அறிவிக்கவில்லை. மடத்துச் சோறு அறிவித்தது. நடமாடும் மனிதருக்குக் கொடுப்பது இறைவனுக்குச் சேரும் என்று திருமூலர் அருளிய உண்மையை அங்கே இலை போட்டுப் பரிமாறுகின்றார்கள்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக எழுந்து நடந்தபோது தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் கோயில் மடங்களும் தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் திறந்திருந்தன. அதே ஆண்டு ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் கிறிஸ்தவரும் இருந்தனர், சைவரும் இருந்தனர். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோதும் அப்படியே. அரசு கைவிட்ட வேளையில் மனிதன் ஓடிப்போய் நிற்கும் வாசல் எதுவோ அதுவே சமயத்துக்குச் சமூகத்தில் உரிய இடம். அந்த வாசலில் நிற்பவனிடம் அடையாளம் கேட்கத் தொடங்கினால் அது காவலரணாகிவிடும், கோயிலாக இராது.

ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை மூன்றாகத் தொகுத்துக் கூறுகின்றேன்.

ஒன்று: சமூகத்துக்குச் சமயம் தொண்டு செய்ய வேண்டும். திருவிழாச் செலவில் ஒரு பங்கு ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் தனித்துப்போன முதியோருக்கும் போக வேண்டும். வாணவேடிக்கை ஒரு நாழிகையில் கரைந்துவிடும். ஒரு பிள்ளையின் படிப்பு ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும்.

இரண்டு: அரசிடம் சமயம் நீதியைக் கேட்க வேண்டும், சலுகையைக் கேட்கக் கூடாது. எமக்குக் கேட்கும் நீதியை முஸ்லிம் அயலவருக்கும் கிறிஸ்தவ அயலவருக்கும், எம்மிடையே சிறுபான்மையாக வாழும் பௌத்தருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்போதுதான் அது நீதி. தனக்கு மட்டும் கேட்டால் அது வழக்கு.

மூன்று: ஆட்சியாளரின் கையில் சமயம் ஆயுதமாகக் கூடாது. அவர் தவறும்போது நாவுக்கரசரைப் போல எதிர்நின்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் தகுதி, தன் வீட்டுத் தவறையும் சொல்பவனுக்கே உண்டு.

இனி, அந்த இளைஞருக்கு என் மறுமொழி.

தம்பி, அதிகாரம் எங்கள் கையில் இருந்திருந்தால் நாங்களும் சைவத்தை எழுதியிருப்போமா என்று கேட்டீர். எழுதியிருக்கக்கூடும். அந்த ஆசை எமக்குள்ளும் இருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். வடம் பிடிக்க வந்தவனைத் தடுத்த கை சட்டம் எழுதும் பேனையைப் பிடித்திருந்தால் என்ன எழுதியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கின்றது. ஆனால் எழுதியிருக்கக் கூடாது. சைவத்துக்கு அது தேவையில்லை. நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் கூரையில் செருகிய வாழையிலையில் உயிர் வாழ்ந்த சமயத்துக்கு அரசியலமைப்பில் ஒரு பிரிவு எதற்கு?

நீர் அன்று வடம் பிடித்தபோது உமக்கு முன்னால் நின்றவரின் குலம் உமக்குத் தெரியாது. பின்னால் நின்றவருக்கு உம்முடையதும் தெரியாது. தேர் நகர்ந்தது. நாங்கள் பிறந்த மண்ணில் பலருக்கு எளிதில் வராத ஒன்று, கடல் கடந்து பிறந்த உமக்கு இயல்பாக வந்தது. அடுத்த ஆண்டும் வாரும். வடத்தில் உம் பக்கத்தில் நின்று நானும் ஒரு கை பிடிக்கின்றேன்.

எல்லா உயிர்க்கும் தாயாகிய அம்பாள் எம் வாசலையும் மனத்தையும் ஒருசேரத் திறந்து வைப்பாளாக. செங்கோல் பிடிப்போருக்கு நேர்மையையும், வடம் பிடிப்போருக்கு ஒற்றுமையையும் அருள்வாளாக என்று வேண்டி அமைகின்றேன்.

சுபம்.